ஐந்து தையல் மெசினுக்கு ஓர் அறை

2013 ஜூலை 18, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். கச்சான் காற்று சிலாவத்துறைத் தெருப் புழுதியை அள்ளிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு இறங்கிய என்னை மௌலவி பள்ளி விறாந்தையில் நிறுத்தினார்.

“சேர், பொம்புளையளுக்கு எடுத்த அறைட வாடகை ஆர்ட கைக்குப் போனது?”

“கடைக்காரருக்கு. அவர்ட அறைதானே.”

“அவருக்கு ரெண்டு லொறி இருக்கு. ஸகாத் ஏழைட கையிலயெல்லோ சேர வேணும்?”

நோன்புக் களைப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் அகதியாக இருந்து திரும்பிய ஊர் எங்களுடையது. கணக்குப் படிப்பித்தவன் என்று, ஏழைகளுக்குரிய கட்டாயத் தர்மமான ஸகாத் நிதியை என் தலையில் கட்டியிருந்தார்கள். நிதியிலிருந்து ஐந்து பெண்களுக்குத் தையல் மெசின் கொடுத்தோம். அவர்களின் தகரக் கொட்டில்களில் இரவில் தைக்க மின்வெளிச்சம் இல்லை; துணியை விரித்தால் மணல். சேர்ந்திருந்து தைக்க ஓர் அறை கேட்டார்கள். ஆறு மாத வாடகை இருபத்துநாலாயிரத்தை நிதியிலிருந்து எடுத்து நானே கடைக்காரரிடம் கட்டினேன். அவர்களிடம் கொடுத்தால் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடும் என்று பயந்தேன்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றார் மௌலவி. “அறையை விட்டிட்டுக் காசைத் திருப்பி எடுங்கோ. இல்லாட்டி, கட்டின வாடகை உங்கட ஸதக்காவா, சொந்தத் தர்மமா இருக்கட்டும். அதே தொகையை உங்கட காசில அவங்கட கையில குடுங்கோ.”

கடைக்காரர் உடனே காலி செய்தால் காசு தருவதாகச் சொன்னார். அறைக்குப் போனேன். பெருநாளுக்கு மூன்று கிழமை. சுவரோரம் தைக்கக் கிடந்த துணிப் பொதிகள் நாற்பத்தொன்று.

விஷயத்தைச் சொன்னதும் மூத்தவள், ஒரு விதவை, மெசினை நிறுத்தினாள்.

“மெசின் தூக்க எத்தனை ஆள் வேணுமெண்டு எண்ணிட்டீங்களோ சேர்?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எங்கட கையில தந்திருந்தா நாங்களே கட்டியிருப்பம். திண்டு முடிச்சிருவம் எண்டு நினைச்சீங்க.”

பொதிகளை இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

எங்கள் மீள்குடியேற்ற வீட்டில் நாலு வாசல், கதவு ஒன்றுமில்லை, சாக்குத்தான் தொங்கியது. கதவுக்கென்று வங்கியில் கொஞ்சம் போட்டிருந்தேன். மனைவியிடம் கேட்டேன்.

“குடுங்கோ,” என்றாள். “கள்ளன் வந்தா உங்கட கணக்குக் கொப்பியைத்தான் கொண்டுபோவான்.”

திங்கட்கிழமை மன்னாருக்குப் போய்க் காசை எடுத்தேன். அறையில் ஆளுக்கு நாலாயிரத்து எண்ணூறு, கையில் வைத்தேன். விதவை என் முன்னாலேயே இரண்டு முறை எண்ணினாள்; பிறகுதான் மெசினை மிதித்தாள். முழங்கால் வலியோடு வீட்டுக்கு நடந்து, சாக்கை விலக்கி உள்ளே போய்க் கொப்பியைத் திறந்தேன். கொடுத்தது இருபத்துநாலாயிரம், பஸ்ஸுக்குப் போக வர நூற்றுநாற்பது. மொத்தம் இருபத்துநாலாயிரத்து நூற்றுநாற்பது ரூபா.