நாலாவது ஆள் வரும்வரை

ஒளி பாய்ச்சினால் ரத்தம் எழுப்பும் மெல்லிய ஒலியை வைத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் கருவி எங்களுடையது. அதைச் சரிபார்க்க, அதே ரத்தத்தை சிரிஞ்சில் அடைத்து, ஐஸ் போட்ட டிபன் டப்பாவில் பாலிகஞ்ச் லேபுக்குக் கொண்டுபோவேன். தாமதித்து ஐஸ் உருகினால் ரத்தமே தன் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

அன்று கரியாஹாட்டில் ஷேர் ஆட்டோ என்னையும் சேர்த்து மூன்று பேரோடு நின்றது.

"ஆர் ஏக்ஜோன், தீதி," என்றார் ஓட்டுநர் வங்காளத்தில். இன்னும் ஒருவர் ஏறாமல் எடுக்கமாட்டாராம்.

"எடுத்துத் தொலையேன்யா," என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் பீடி பற்றவைத்தார். நாலாவது ஆள் வருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது.

லேபில் அளவு கருவி சொன்னதைவிடக் குறைவாக வந்தது. ஆட்டோவில் காத்திருந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. சரியாகச் சொன்ன கருவியை மாலைவரை எல்லோரும் உட்கார்ந்து திருத்தினோம்.