குளிர்ச்சி தந்த சொட்டு மருந்து

நான்கு ஆண்டுகளுக்கு முன், துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் இருந்தபோது, கொல்கத்தாவின் கரியாஹாட் கடைத்தெருவில்தான் எனக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. அதுவும் என் பத்து வயது மகள் சொல்லித்தான்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். அப்போது மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பும் பில்களை ஒரு திரையில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் திரையில் வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். பாதி பில் மங்கலாக இருக்கும். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்த ஆரம்பித்துவிடும். சாயங்காலம் ஜாதவ்பூரில் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றால் தண்ணீராகக் கொட்டும். வெங்காயம் நறுக்காமலே அழுகிறாயே என்று கணவர் கேலி செய்வார்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளிப் பெண்மணி இருந்தார். என்னைவிடப் பெரியவர், அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிடுவேன். நான் சேர்ந்த புதிதில் என் வங்காளத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது, சிரிக்காமல் திருத்திச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மீன் சாப்பிடாத எனக்காகவே கத்தரிக்காய் பொரித்துத் தனி டப்பாவில் கொண்டுவருவார். ஒருநாள் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து சிறிய மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தார். என் தலையைப் பின்னால் சாய்த்து, அவரே இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார். எப்போதோ கண்வலி வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாம். அதிலிருந்து எரிச்சல் வரும்போதெல்லாம் அதையே வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம்.

என்னவொரு குளிர்ச்சி. ஓரிரு நாளில் சிவப்பெல்லாம் வடிந்து, கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. தெருமுனை மருந்துக் கடையில் பெயரைச் சொன்னேன், சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன, குப்பி தீரத் தீர வாங்கினேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. இடது கண்தான் சீக்கிரம் சிவக்கும் என்பதால் அதற்கு மட்டும் எப்போதும் கூடவே ஒரு சொட்டு.

கரியாஹாட்டுக்கு வருகிறேன். பூஜைக்குப் புதுத்துணி எடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடைபாதைக் கடை ஒன்றில் சுரிதார் துணிக்குப் பேரம் பேசிவிட்டுச் சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். என் முழங்கை அவள் முகத்தில் பலமாக இடித்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டாள். பதற்றத்தில் நான் அவளையே திட்டினேன். சொல்லாமல் கொள்ளாமல் ஏன் அங்கே வந்து நிற்கிறாய் என்று.

அவள் கையில் ஹேங்கரோடு ஒரு மஞ்சள் கவுன் இருந்தது.

"நான் வரலம்மா. ரொம்ப நேரமா இங்கேயேதான் நிக்கறேன். இத காட்டிட்டே இருந்தேன்."

பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்தப் பக்கம் நின்னா நீ எப்பவுமே என்னைப் பாக்க மாட்டே. உனக்கு எம்மேல ராக்னு நெனச்சேன்."

கோபம் என்பதற்கு அவள் வாயில் வருவது வங்காளச் சொல்தான். எத்தனையோ மாதமாக, என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றுதான் கேட்டிருக்கிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். எதிரே இருந்த கடைக்காரரின் முகம் மட்டும் தெரிந்தது. அவரைச் சுற்றி இருந்த துணிகள், மனிதர்கள், என் மகள், யாரும் இல்லை. இருட்டாகக்கூட இல்லை. வெறுமனே புகை மூட்டம் போல ஏதோ ஒன்று. துணி எடுக்காமலே வீடு திரும்பினோம்.

கண் ஆஸ்பத்திரியில் பல சோதனைகள் செய்தார்கள். டாக்டரம்மா நான் கொண்டுபோன குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அதில் ஸ்டீராய்டு இருந்ததாம். கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பை வலியே தெரியாமல் கருக்கிவிட்டதாம். ஆரம்பத்தில் எனக்கு இருந்தது வெறும் வறட்சிதான். என் மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றி, அடிக்கடி கண் சிமிட்டி, திரையிலிருந்து பார்வையை எடுத்துத் தூரத்தில் பார்த்து, ஏசிக் காற்றுக்கு முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தாலே அடங்கியிருக்கும் என்றார். போனது திரும்பி வருமா என்று என் கணவர் கேட்டார்.

"வராதுங்க. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை கணவர் என் இடது கையை விடவே இல்லை.

தீதியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. அவரும் அதே மருந்தை என்னைவிட அதிக காலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டார். நீங்களும் உடனே போய்ப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

போனார். திங்கட்கிழமை வந்ததும் என் மேஜையருகே நின்றார். "எனக்கு ஒண்ணுமே ஆகல" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு அழுதார். அந்த மருந்து எல்லோருக்கும் இப்படிச் செய்வதில்லையாம். சிலருக்கு மட்டும்தானாம். அவர் நன்றாக இருக்கிறார் என்று எனக்கு நிம்மதிதான். ஆனால் உள்ளே எங்கோ, நான் மட்டும் ஏன் என்ற கேள்வியும் எழுந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மறு வாரமே இருக்கையை மாற்றிக்கொண்டார்.

அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்தார்கள். வலது கண் பெரிய சேதமில்லாமல் தப்பியது. வேலையை விட்டேன். விடைபெறப் போன அன்று தீதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்" என்றார். எனக்குத் தெரியும் தீதி என்றேன். அது உண்மைதான். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன். இன்னமும் கண் எரியும். எழுந்துபோய் பால்கனியில் நின்று, எதிர்வீட்டு மாடிக்கும் அப்பால் பார்த்துக்கொண்டு, எரிச்சல் தானாக அடங்கும்வரை காத்திருக்கிறேன். போதும், கொஞ்சம் நிறுத்து என்று என் கண் அன்றைக்கே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதன் வாயை ஒரு நல்ல மனுஷியின் கையாலேயே அடைத்துவிட்டேனே என்ற நினைப்புதான், போன பார்வையைவிட அதிகமாக இன்றுவரை என்னை உறுத்துகிறது.