வெள்ளைப் புள்ளிகளும் என் லென்சும்

மார்பு எக்ஸ்ரே எடுத்தது என் மனைவிக்கு. காய்ச்சல் வந்தது எனக்கு.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. நாற்பது தாண்டிய பெண்கள் மார்பில் கட்டி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்று யாரோ சொல்ல, வேலை முடிந்த கையோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள். படத்தில், வலது மார்பில் ஒரு கொத்து வெள்ளைப் புள்ளிகள். கட்டியின் ஆரம்பமாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், அடுத்த வாரம் த்ரீ-டி மெஷினில் எடுத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் சரிபார்ப்பவன். வெடிப்பெட்டி லேபிளில் தூசி விழுந்த புள்ளியை லென்ஸ் வைத்துக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. சும்மா இருப்பேனா? எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து எண்ணினேன். முதல் நாள் பதினேழு. மறுநாள் இருபத்திரண்டு. ஒரே நாளில் ஐந்து கூடிவிட்டதே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். எடுத்து முடித்த படத்தில் புள்ளி எப்படி வளரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பதினான்கு வந்தது. குறைவதும் கெட்ட அறிகுறியோ என்று அதற்கும் பயந்தேன்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் இருப்பதே காதோரம் இரண்டு கொத்து.

"அம்மனையே ஏமாத்தப் பாக்கீகளா?" என்றாள் அவள்.

தீபாவளி சீசன். தினமும் வேலைக்குப் போனாள். லீவு போடச் சொன்னதற்கு, வீட்டில் இருந்தால் என் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

த்ரீ-டி படம் எடுக்க வேண்டிய நாளிலும் அரை நாள் வேலை பார்த்து, கைகால் முகம் கழுவி, கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மெஷினின் தலைப்பகுதி வளைவாக நகர்ந்து பல கோணங்களில் படம் பிடிக்குமாம்; அதை வைத்துக் கம்ப்யூட்டர் மார்பை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டுமாம். படம் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா எங்கள் இருவரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய படம், கட்டுத் தாளை மொத்தமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. இது தாள் தாளாகப் புரட்டுவது. புரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். அடுக்கை இன்னும் மெல்லிசாக வெட்டச் சொல்லி யோசனை வேறு கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப மெல்லிசாக வெட்டினால் ஒரே கொத்தாக உள்ள புள்ளிகள் ஆளுக்கொரு அடுக்கில் சிதறிவிடும், கொத்து இருப்பதே கண்ணுக்குத் தப்பிவிடும் என்றார். அதனால் சில அடுக்குகளைச் சேர்த்தும் பார்ப்பார்களாம்.

மவுஸை உருட்டினார். உள்ளே ஒரு புள்ளியும் இல்லை. இன்னும் உருட்டினார். இல்லை. கடைசி அடுக்கு, தோல். அத்தனையும் அங்கே கூடி உட்கார்ந்திருந்தன.

டாக்டரம்மா படத்தை விட்டுவிட்டு என் மனைவியின் கழுத்தைப் பார்த்தார்.

"என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

"பூச்சட்டிக்கு மருந்து அடைக்கேன்."

நர்ஸ் கழுத்திலிருந்து மார்பு வரை ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டினார். பஞ்சு வெள்ளி போல மினுங்கியது. அலுமினியப் பவுடர். முதல் தடவையும் அப்படியேதான் போயிருக்கிறாள். எங்கள் பக்கம் சீசனில் சாயங்கால பஸ்ஸில் ஏறினால் பாதிப் பெண்கள் மினுங்குவார்கள். அதை அழுக்கென்று யாரும் நினைப்பதில்லை. மேலே கிடப்பதே தெரியாது. எதுவும் பூசியிருக்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது இல்லை என்றாளாம். பூசவில்லையே, அதுவாக வந்து ஒட்டியதுதானே.

நன்றாகத் துடைத்து மறுபடி எடுத்தார்கள். சுத்தம். நான் இன்னொரு தடவை உருட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினார். மூன்றாவது தடவை கேட்டபோது, அடுத்த ஆள் காத்திருப்பதாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் என் வாய் ஓயவில்லை. எனக்கு முதலிலேயே சந்தேகம்தான், தூசிப் புள்ளிக்கு ஒரு சாயல் உண்டு என்றெல்லாம் அளந்தேன். பயமே இல்லாமல் எப்படி இருந்தாய் என்றும் கேட்டுவைத்தேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் இல்லாமலா? ரெண்டு பேரும் பயந்துட்டு உக்காந்தா சோறு யாரு ஆக்குறது?"



அன்று மாலை உலை வைத்தது நான். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. ஒரு குறையும் சொல்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.