சிவப்பு மையில் இரண்டாவது வரி

அது எண்பது பக்க அப்பியாசக் கொப்பி. அட்டையில் மயில் படம். மயிலின் வால் ஈரம் பட்டுப் பாதியில் வெளிறிப் போயிருந்தது. பெயர் எழுதும் இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. உள்ளே எழுதியது முழுக்க நான். ஒரு வரி நீல மையில், அதற்குக் கீழே ஒரு வரி சிவப்பு மையில். நீல வரி ஆங்கிலம், ஆனால் தமிழ் எழுத்தில். ‘மை லோட், ஐ ஹேவ் ஒன்லி வன் சன்.’ சிவப்பு வரி அதன் அர்த்தம். அர்த்தம் தெரிந்தால்தான் முகத்தில் துக்கம் வரும் என்று நினைத்து அதை எழுதினேன். சிவப்பு வரியை மேடையில் சொல்லக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதினேனா, வாயால் சொன்னேனா, இரண்டுமே செய்யவில்லையா என்பது மட்டும் எனக்கு நினைவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடங்கள் போய்விட்டன.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். அவருடைய அம்மா கொழுந்து பறித்தார். மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. என் அப்பா அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் எண்ணி, கொழுந்து எடுக்கும் பெண்களை மேற்பார்வை செய்யும் வேலை அது. நாங்கள் லயத்தில் அல்ல, குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஆங்கிலப் பத்திரிகை வந்தது. அதனால் எனக்கு ஆங்கிலம் வாசிக்க வந்தது. அக்காவுக்கு வாசிக்க வராது. ஆனால் அவருக்குக் குரல் இருந்தது. மலையின் அடுத்த பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடக்கூடிய குரல். பரிசளிப்பு விழாவுக்கு ஆங்கில நாடகம் போட வேண்டும் என்று ஆங்கிலம் படிப்பித்த சேர் முடிவு செய்தபோது, அரசனிடம் தன் மகனைத் திருப்பிக் கேட்கும் தாயின் பாத்திரத்தை அக்காவுக்குக் கொடுத்தார். வசனம் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் ஆய்வு. பதுளையில் ஆங்கில ஆசிரியையாக வேலை செய்துகொண்டு முதுகலைப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதுகிறேன். நானூறு, ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் பாடசாலைகளில் பையன்கள் நடித்த நாடகங்களில் மொழிகள் எப்படிக் கலந்து வந்தன என்பது என் தலைப்பு. கேட்பவர்கள் பெரும்பாலும், இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பையன்களுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். பாடசாலையிலோ லத்தீன் பேச வேண்டும். ஆங்கிலம் பேசியவனை ஆசிரியரிடம் காட்டிக் கொடுப்பதற்குச் சில இடங்களில் பையன்களில் ஒருவனையே வைத்திருந்தார்களாம். இதை முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு மகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

அந்த நாடகங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பாத்திரம் லத்தீனில் ஒரு வரி சொல்லும். உடனே அதையே ஆங்கிலத்தில் சொல்லும். அந்த இரண்டாவது வரி யாருக்கு? பாடம் மனதில் பதிவதற்காக என்கிறார்கள், சிரிப்பு மூட்டுவதற்காக என்கிறார்கள். மண்டபத்தில் லத்தீன் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்காக என்று நான் எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், ‘ஆதாரம் என்ன?’ என்று எழுதி அனுப்பினார். ஆதாரம் என்னிடம் இல்லை. இருந்தது அக்காதான். ஆனால் அக்கா அன்று மேடையில் சிவப்பு வரியை, சொல்லக் கூடாது என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லியிருந்தால் அது என் கொப்பியின் பிழை. அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார்.

விழா நடந்தது ஒரு சனிக்கிழமை. பதுளையிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். தோட்டத்து மனேஜர், நாங்கள் தொரை என்று சொல்பவர், அவருக்குப் பக்கத்தில் மேடை ஓரமாக மாலையோடு உட்கார்ந்திருந்தார். நாடகம் நன்றாக இருந்தால் பதுளையில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவதாக அதிகாரி சொல்லியிருந்தார். மண்டபத்தின் முன் வரிசையில் விருந்தினர்களுக்கு என்று வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். விருந்தினர் அவ்வளவு பேர் வரவில்லை. வெறுமையாக இருந்தால் அசிங்கம் என்று, அரைநாள் வேலை முடித்து நேராக வந்திருந்த பெண்கள் சிலரைப் பாடசாலைக் காவலாளி அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். அக்காவின் அம்மாவும் அதில் ஒருவர். தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்திய தடம் தெரிய, வெள்ளைத் துணியில் படாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்குப் பின்னால் திரையின் இடுக்கில், வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க நின்றேன்.

அக்கா வந்தார். நீல வரியைச் சொன்னார். உச்சரிப்புச் சரியாக இருந்தது; எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஒரு சிறிய இடைவெளி. மறந்துவிட்டாரோ என்று நான் அடுத்த நீல வரியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எடுக்கவில்லை. “தொரைங்களே, எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ளைதாங்க” என்றார்.

‘மை லோட்’ என்பதற்கு அரசே என்று எழுதியிருக்கலாம். அக்காவின் முகத்தில் சரியான பயம் வர வேண்டும் என்று நான்தான் தொரைங்களே என்று எழுதியிருந்தேன். பின் வரிசையில் முதலில் சிரிப்பு கிளம்பியது. அது பாதியில் நின்றது. அடுத்த வரியும் அப்படியே, ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. “அவன விட்டுருங்க, நான் ரெண்டு பேரு வேலை செய்யிறேங்க.” அதுவரைக்கும் கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. முன் வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். தொரை புன்னகை செய்தார் என்றுதான் நினைக்கிறேன். திரை இடுக்கில் அவருடைய கன்னம் மட்டுமே தெரிந்தது.

நாடகம் முடிந்ததும் சேர் எங்கள் எல்லோரையும் வகுப்பறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நாடகத்துக்காக இரண்டு மாதம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து போனவர். அன்று அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

“யாரு உன்னைத் தமிழ்ல பேசச் சொன்னது?”

“கொப்பியில இருந்துச்சு சேர்.”

“கொப்பியில யாரு எழுதினது?”

நான் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்து, அப்பா பதுளையில் வாங்கிக் கொடுத்தது. நான் என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அதைவிட அதிக நேரம் எனக்கு இருந்தது. அக்கா, “நாந்தான் எழுதிக்கிட்டேன் சேர்” என்றார். கொப்பியைக் கேட்டு வாங்கியிருந்தால் கையெழுத்தே சொல்லியிருக்கும். சேர் கேட்கவில்லை. கணக்கப்பிள்ளை மகளின் கையெழுத்து அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

அதிகாரி நாடகத்தைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டார், தமிழ் இல்லாமல். தாயின் பாத்திரம் எனக்கு வந்தது. பதுளையில் இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் சேர் எனக்குத் தனியாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அங்கிருந்து பல்கலைக்கழகம், வேலை, இப்போது இந்த ஆய்வு. அக்கா சாதாரண தரப் பரீட்சையோடு நின்று கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார். நாடகம் இல்லாவிட்டாலும் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போயிருக்கவும் கூடும். தெரியாது.

இந்த வருடம்தான், எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அக்கா வேலை செய்வதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். மகளுக்குச் சளி என்றேன், மழை என்றேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். குழந்தையைக் கேடயமாகக் கொண்டுபோகிறேனோ என்று ரயிலில் தோன்றியது. தோன்றியும் இறங்கவில்லை.

அக்கா கொஞ்சம் பருத்திருந்தார். வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஆங்கிலத்தில் ரயில் நேரம் சொல்லிக்கொண்டே, கைப்பேசியில் முதலாளியிடம் சிங்களத்தில், “ஹரி மாத்தயா, ஹரி” என்று சரி சொன்னார். தலையை உள்ளே திருப்பி, “ஏய், பருப்ப எறக்குடி, அடி புடிக்குது” என்று குசினியிலிருந்த பெண்ணை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு, கணக்கப்புள்ளை மகளா? என்னா தங்கச்சி, இங்கயும் ஆள் எண்ண வந்துட்டியா?”

குசினியில் உட்கார வைத்தார். மகளிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். மகள் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மொழி கலக்கிறது, இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அவளுடைய பாடசாலையில் சொல்லி இரண்டு மாதமாகியிருந்தது. சொன்னபடி செய்துகொண்டிருந்தேன். அவள் அந்த இரண்டு மாதத்தில் பேச்சைக் குறைத்திருந்தாள். அக்கா அதே கேள்வியைத் தமிழில் கேட்டார். மகள் பெயரைச் சொல்லி, ரயிலில் குரங்கு பார்த்ததையும், அது ஒரு மாமாவின் வடையைப் பறித்ததையும் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

நான் கொப்பியைப் பற்றி ஆரம்பித்தேன். வீட்டில் நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அங்கே எல்லாம் துண்டு துண்டாக வந்தது. சிவப்பு வரி என் யோசனை, சேர் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை, அதை மேடையில் சொல்லக் கூடாது என்று உங்களிடம் சொன்னேனா என்றே எனக்கு நினைவில்லை, அதனால்தான் நீங்கள் சொன்னீர்களா?

அக்கா மாவைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ சொன்ன தங்கச்சி. நாலு தடவை சொன்ன. செவப்பு மொகத்துக்கு மட்டுந்தான், வாயில வரக் கூடாதுன்னு. பெரிய டீச்சர் மாதிரி வெரல வேற ஆட்டின.”

“அப்போ ஏன் அக்கா?”

“மொத வரி சொன்னேனா? அம்மா முன்னாடியே உக்காந்திருந்துச்சு. எங்கம்மா எப்பவும் பின்னாலதான் உக்காரும். அன்னைக்குப் பாத்து முன்னால. பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட, ‘என்னா சொல்லுது எம் புள்ளை?’ன்னு கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. அதுக்குத் தெரியல. அப்புறம் யாரு சொல்றது? நான் சொன்னேன்.”

அவ்வளவுதான். நீங்களே எழுதியதாக ஏன் சேரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். “ஒம் பேரச் சொன்னா நம்பியிருப்பாரா?” என்றார். அவர் சிரிக்கவில்லை. மாவை உருட்டி வைத்துவிட்டு, “ஆனா எம் பார்ட்ட நீ எடுத்தது எனக்குப் புடிக்கல. ஒரு வாரம் சோறு எறங்கல. பதுளைக்குப் போயி ரெண்டாவது வரிய விட்டுட்டல்ல, அதான் ரெண்டாவது பரிசு” என்றார். அதற்குச் சிரித்தார். கொப்பி எங்கே என்று கேட்டேன். அவர் கொழும்புக்குப் போன அதே வருடத்தில் லயத்தில் கூரை ஒழுகி எல்லாம் போய்விட்டதாம்.

திரும்பும் ரயிலில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நாலு தடவை சொன்னேன் என்பது உண்மையா, நான் வருந்தக் கூடாது என்று சொன்னதா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். உண்மை என்றாலும் அது கொப்பிக்குத்தான் பதில். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அது பதில் இல்லை. அந்த வாரம் ஆய்வேட்டில் அந்த வரியை மாற்றி எழுதினேன். இரண்டாவது வரி மண்டபத்தில் இருந்தவர்களுக்காகச் சொல்லப்பட்டிருக்கலாம். நேரடி ஆதாரம் இல்லை. மேற்பார்வையாளர் இந்தத் தடவை ஒன்றும் எழுதவில்லை. ‘லாம்’ என்ற விகுதியில் அக்காவும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மகளின் வகுப்பில் ஆங்கில நாடகம். அவள் முயல். மூன்று வரி. நேற்று ஒரு புதுக் கொப்பி எடுத்து நீல மையில் அந்த மூன்று வரியையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். கீழே சிவப்பு மையில் அர்த்தம் எழுதினேன். மகள் விரல் வைத்து வாசித்துவிட்டு, “செவப்பையும் சொல்லணுமா அம்மா?” என்று கேட்டாள். பாடசாலையில் என்ன சொல்வார்களோ என்று எனக்கு உடனே தோன்றியது. விழாவுக்கு என் அம்மா வருகிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. “ஆமா” என்றேன், தமிழில்.

பிறகு கொப்பியை வாங்கி அட்டையைப் பார்த்தேன். மகள் தன் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள். யாராவது கேட்டால் தெரிய வேண்டும் என்று, அதற்குக் கீழே சிவப்பு மையில், எழுதியது அம்மா என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன்.