சண்முகத்தாயின் காது

போன வாரம் நான் தேனிலவுக்குப் போய்வந்தேன். சிரிக்காதீர்கள். சொந்த மனைவியோடுதான்!

எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். கல்யாணமான புதிதில் எங்கேயும் போக முடியவில்லை. அது முகூர்த்த மாதம்... தினம் ஒரு கல்யாண வீட்டில் என் மைக்செட். மகள், "கொடைக்கானல்ல ரூம் போடட்டுமாப்பா?" என்றாள். எனக்கு எதற்குக் கொடைக்கானல்? பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள் ஓட்டு வீடு, பின்னால் மலை. இரண்டு நாளைக்குச் சாவி வேண்டும் என்றேன். உடனே கொடுத்தார். எனக்கு இல்லை என்று சொல்ல ராஜபாளையத்தில் ஆள் கிடையாது.

நான் எழுதுவதைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர் என்று தொழிலில் இறங்கியவன். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், தளவாய்புரம், சேத்தூர் என்று எந்தப் பக்கம் திருவிழா என்றாலும் என் மைக்செட்தான் பேசும்.

என் திறமை என்ன தெரியுமா? பந்தல் போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவேன். இந்தத் தெருவுக்கு நாதஸ்வரம். அந்தத் தெருவுக்குப் பழைய சினிமாப் பாட்டு. அதற்கடுத்த தெருவில் குத்துப்பாட்டு போடாவிட்டால் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். தெரு, தெரு என்கிறேனே... சாதியைத்தான் சொல்கிறேன். வாய் கூசுவதால் எங்கள் தொழிலில் அதைத் தெரு என்போம். இதில் ஒருநாளும் நான் தப்புப் பண்ணியதில்லை என்று பெருமை வேறு!

அந்தப் பெருமையோடுதான் தேனிலவுக்கும் பாட்டு ஏற்றி வைத்திருந்தேன். அத்தனையும் காதல் பாட்டு. போன அன்று சாயங்காலம் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். முதல் பல்லவி முடியவில்லை, என் மனைவி சண்முகத்தாய் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, செத்த நேரம் அத அமத்துங்க. இங்கயும் கல்யாண வீடு மாதிரியே இருக்கு."

"காதல் பாட்டுட்டி! உனக்காகத்தான் போட்டேன்."

"எனக்காகன்னா என்னயக் கேட்டுல்ல போடணும்?"

போனை எடுத்துக்கொண்டு அணைக்கரைப் பக்கம் நடந்துவிட்டாள். திரும்பி வர ஒரு மணி நேரம். மறுநாள் காலையிலும் அதே கதை. எனக்குக் காபியைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஆள் கிளம்பியாயிற்று.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வேறு சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி, மதினி கரைப் பக்கம் போறாக. நேத்தும் அங்கனதான் ஒத்தையில உக்காந்திருந்தாக. அவிய அங்க, நீங்க இங்க... நல்லாருக்கு உங்க தேனிலவு!"

சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரப் பிடிக்கவில்லையா? கோபம் வரும் என்று பார்த்தால் பயம்தான் வந்தது. எழுந்து நடந்தேன்.

ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன். கண் மூடியிருந்தது. விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்படி ஒரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. என் நிழல் பட்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னட்டி ஒளிக்கிற?"

"ஒண்ணுமில்ல. காட்டுனா வைவீக."

ஒரு பக்க இயர்போனை எடுத்து என் காதில் வைத்தேன். பறை. நாலைந்து பறை சேர்ந்து அடிக்கிற அடி.

"இதுக்கா ஒளிச்ச?"

"பின்ன? பூக்குழித் திருவிழாவுல நீங்க செஞ்சது மறந்துபோச்சாக்கும்?"

சத்தியமாக மறந்துதான் போயிருந்தது. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம். பறை அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, இவள் தன்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நம்ம தெருப் பொம்பளை அவர்கள் பக்கத்தில் நிற்பதா? நான் என்ன செய்தேன்? போய்க் கூப்பிட்டிருக்கலாம். கையில் மைக் இருக்கிற திமிர்... "பறைக்குப் பக்கத்தில் நிற்கும் மைக்செட்காரர் வீட்டம்மா உடனே அங்கிருந்து விலகி வரவும்" என்று அத்தனை குழாயிலும் அறிவித்துவிட்டேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்டதே இல்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"தப்புதான்ட்டி" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன? அடிச்சிக்கிட்டிருந்தவுக கை அப்படியே நின்னுபோச்சே, அவுகட்டச் சொன்னீகளா?"

வருஷா வருஷம் அதே திருவிழாவில் மைக் கட்டுகிறவன் நான். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

காதில் பறை ஓடிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் திடீரென்று முகத்தைச் சுளித்தாள்.

"கேட்டீகளா? ஒரு பறையோட தோலு தொஞ்சுபோச்சு. தீயில காட்டிட்டு வந்தாத்தான் மத்ததோட சேரும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடி நின்றது. கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்திக் காட்டினாள். ஒரு ஆள் பறையைத் தீயில் காட்டுவது வீடியோவில் தெரிந்தது! சத்தத்தையே தொழிலாக வைத்திருப்பவன் நான். எனக்கு எட்டாதது இவள் காதுக்கு எட்டுகிறது. அடேயப்பா!

அடுத்து ஒரு கறுப்பினப் பெண்மணி பாட ஆரம்பித்தார்.

"இது யாருட்டி?"

"ஆப்பிரிக்காவாம். பறையக் கேட்டு முடிச்சா, போன் தானா இதக் குடுக்கு."

"அவுக பாட்டுக்கும் நமக்கும் என்னட்டி சம்பந்தம்?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, நீங்க அப்படியே வெள்ளக்காரரு!"

அப்புறம் அவளே சொன்னாள். "வார்த்த ஒண்ணும் வெளங்கல. ஆனா எந்த எடத்துல மூச்சு விட்டா நம்ம நெஞ்சு அடைக்கும்னு அந்தம்மாவுக்குத் தெரியுது."

கேட்டுப் பார்த்தேன். அடைக்கத்தான் செய்தது. போனுக்கு யார் எந்தத் தெரு என்று தெரியாது. தாளம் மட்டும்தான் தெரியும். என் மனைவியும் அந்த ரகம். நான்தான் இத்தனை வருஷமாகப் பாட்டுக்குக்கூட விலாசம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இனிமே ஒளிக்க வேண்டாம். வீட்டுல பெரிய ஸ்பீக்கர்லயே போட்டுத் தாரேன்" என்றேன்.

"ஐயையோ, வேணாம். ஒத்தையில கேட்டுக் கேட்டு அதுலயும் ஒரு சொகம் வந்துபோச்சு. இஷ்டமிருந்தா பக்கத்துல உக்காருங்க. ஆனா பேசப்பிடாது."

இயர்போனை அவளிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கேட்டதெல்லாம் காற்றும், முழங்காலில் விழுகிற அவள் விரல் சத்தமும்தான்.

முக்கால் மணி நேரம் வாயே திறக்கவில்லை... என்னைத் தெரிந்த யாரும் இதை நம்பப் போவதில்லை!