ஒதில் மொழி மாறாத நாள்

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில், பிரெஞ்சு பேசும் ஓர் ஊரில் மரம் ஏற்றும் லாரி ஓட்டிய ஒதில் பிரிஸ்புவா, நாற்பது வயதுக்கு மேல் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்கையில், அந்தப் படிப்பைப் போலப் பிரெஞ்சு மொழியில் நடக்கும் வகுப்புகளுக்குத் தரும் பணத்தை அரசாங்கம் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது.

ஊராரிடம் கருத்துக் கேட்க டொரான்டோவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்படி ஒருவர் வந்து நின்றால் போதும், மரியாதைக்காக அந்த ஊரே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அன்றும் எழுந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்திலேயே மன்றாடினார்கள்.

"இவ்வளவு நல்லா இங்கிலீஷ் பேசறீங்களே, அப்புறம் பிரெஞ்சு வகுப்பு எதுக்கு?" என்றார் அதிகாரி.

ஒதில் எழுந்தாள்.

"அக்கா, லாரி ஓட்டறப்ப திட்டற மாதிரி திட்டிடாதே," என்றான் தம்பி ரெமி.

"நீ சும்மா இருடா."

அவள் பிரெஞ்சிலேயே பேசினாள்: "வலி வந்தா எங்க ஜனங்க கத்தறது இந்தப் பாஷையிலதான். பக்கத்துல நிக்கிற நர்ஸுக்கு அது புரிய வேணாமா?"

அதிகாரி விழித்தார். அடுத்து எழுந்தவரும் பிரெஞ்சில் பேசினார். அதற்கடுத்தவரும் அப்படியே. கடைசியில், மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி வருவதாகவும், அதுவரை எந்த வகுப்பும் மூடப்படாது என்றும் அதிகாரி சொன்னார்.

ரெமி அக்காவை அண்ணாந்து பார்த்தான். வேற்றாள் முன்னால் அந்த ஊர் தன் பாஷையில் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.