இரவல் கடிகாரம் இருந்த வீடு

எஃபி லெய்ட்லாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவளைப் பற்றி யாரும் எழுதிவைத்த ஒரே தாள் என் கையெழுத்தில் இருக்கிறது. அதில் உள்ளது உண்மையில்லை. அதனால் இந்த இரண்டாவது தாள்.

அவள் 1895இல் கிளாஸ்கோவில், கோவன் பகுதியில் பிறந்தாள். பதின்மூன்று வயதில் நூல் ஆலையில் சேர்ந்து, திருமணம் வரை நூல்கண்டு சுற்றினாள். கணவன் வாட்டி கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளில் ஆணி அறைபவன். முதல் பிள்ளை ஆறு வாரத்தில் போயிற்று. அடுத்தவள் ஐசா. ஒற்றை அறை வீடு. சுவரில் குடைந்த பொந்து மாதிரி ஒரு கட்டில். கழிப்பறை படி திருப்பத்தில், நான்கு குடும்பத்துக்குப் பொது. படி கழுவும் முறை வந்தால் விளிம்பில் வெள்ளைக்களிமண்ணால் சுருள் சுருளாகக் கோடு இழுப்பாள். அந்தக் கட்டடத்தில் அப்படி இழுக்க வேறு யாருக்கும் கை வரவில்லை. அவளிடம் நான் பார்த்த திறமை அது ஒன்றுதான். மற்றபடி கோபக்காரி. பக்கத்து வீட்டாரோடு துணிக்கொடிக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள்.

1931இல் தளம் மூடியது. அடுத்த குளிர்காலத்தில் ஐசாவுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. ஒன்பது வயது. ஊசி போட்டு நீரை எடுத்த மருத்துவர், கடல் காற்றில் ஆறு வாரம் இருந்தால்தான் நுரையீரல் விரியும் என்றார். நான் வேலை பார்த்த தரும சங்கத்துக்குக் கடற்கரையில் ஓர் இல்லம் இருந்தது. அந்த மாதம் ஒரு கட்டில் காலி. அதற்கு எஃபி விண்ணப்பித்தாள்.

விண்ணப்பித்தவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுவது என் வேலை. உதவி கேட்பவர் ஏழையாக இருக்க வேண்டும். அதோடு நல்லவராகவும் இருக்க வேண்டும். ஏழை என்பதற்கு வெறும் அறை சாட்சி. நல்லவர் என்பதற்கு என்ன சாட்சி என்று சங்கம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே மக்கள் தாங்களாகவே ஒன்றை முடிவு செய்துகொண்டார்கள்: வீடு பார்ப்பவர் வரும் நாளில் வீடு கௌரவமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டு விரிப்பு, இன்னொரு வீட்டுக் கோப்பைகள், மூன்றாம் வீட்டுத் திரைச்சீலை எல்லாம் அன்று காலை படியேறி வரும். நானும் அப்படிப்பட்ட படிக்கட்டில் வளர்ந்தவன். என் அம்மாவும் இதைச் செய்திருக்கிறாள். அந்த வழக்கம் எனக்குப் புரியவில்லை என்று சொல்லும் வசதிகூட எனக்கு இல்லை.

நான் போனபோது அறை மின்னியது. கணப்பின் மேல்பலகையில் கறுப்புப் பளிங்குக் கடிகாரம், இரு பக்கமும் தூண், இடது தூணில் சிறு உடைசல். மூன்று வாரத்துக்கு முன் அதே கடிகாரத்தை மேல்மாடியில் பெத்தியா மக்கியின் வீட்டில் பார்த்திருந்தேன். அந்த விதவை கம்பளிக்கு விண்ணப்பித்திருந்தாள். "எங்கப்பாவுக்குக் கயிறு ஆலையில குடுத்தது, மிஸ்டர் கின்னியர். இதை விக்கச் சொன்னீங்கன்னா முதல்ல என் பல்லைப் புடுங்கி வித்துருவேன்" என்றாள். நான் சிரித்துவிட்டு, 'விற்கத்தக்க பொருள் இல்லை' என்று எழுதினேன். கம்பளி கிடைத்தது.

எஃபி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வாட்டி தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொந்துக் கட்டிலில் ஐசா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாசலில் பெத்தியாவும் இன்னொரு பெண்ணும் எதற்கோ வந்தவர்கள் போல நின்றார்கள்.

"கடிகாரம் நல்லா இருக்கே" என்றேன்.

"எங்கம்மா குடுத்தது, சார்."

"உங்களோடதுதானா?"

"பின்னே யாரோடது?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்றாம் முறையும் கேட்டேன். அவள் வாட்டியைப் பார்த்தாள். அவன் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். பதினாறு மாதம் வேலையில்லாத மனிதனை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்று அந்நியனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எங்களோடதுதான் சார். எழுதிக்குங்க" என்றாள்.

நான் எதையும் எழுதாமல் எழுந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும்: அறையை விட்டு வெளியே வந்தபோது பெத்தியாவுக்குச் செய்ததையே இவளுக்கும் செய்வதாகத்தான் இருந்தேன். கீழ்மாடித் திருப்பத்தில் சன்னல் வெளிச்சத்தில் நின்று பேனாவைத் திறந்தேன். மேலே பொருள்கள் வீடு திரும்பத் தொடங்கின.

"மெதுவா புடிடி. இந்தக் கடிகாரம் ஏறி இறங்குற ஏத்தத்துக்கு, எனக்கு முன்னால அதுக்கு மூட்டுவலி வந்துரும்." இது பெத்தியா.

"மூணு தடவ கேட்டாரே. கண்டுபுடிச்சுட்டாருன்னே நெனச்சேன்" என்றாள் எஃபி.

"அந்த ஆளுக்கா தெரியப்போவுது? மூணு வாரத்துக்கு முன்னால எங்க வீட்டுல பாத்ததே ஞாபகம் இல்ல. மூக்குக் கண்ணாடி மட்டும்தான் பெருசு. பக்கிங்ஹாம் அரண்மனையையே தூக்கிட்டு வந்து வச்சாலும், நல்லா இருக்கேன்னுட்டுப் போவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எஃபியும் சிரித்தாள். பயம் விட்டுப்போன சிரிப்பு அது. இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்று காது மட்டும்தான் சுட்டது. 'பளிங்குக் கடிகாரம், சொந்தம், விற்கத்தக்கது' என்று எழுதினேன். அவள் சொன்னதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வருடம் இரவெல்லாம் நூலகத்துப் புத்தகங்களில் அறம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கடமை, எண்ணம், விளைவு என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்திருந்தேன். படித்த எதுவும் அந்தப் படித் திருப்பத்தில் குறுக்கே வந்து நிற்கவில்லை.

'குடும்பத்துக்குச் சொந்த வசதி உண்டு' என்று சங்கத்திலிருந்து கடிதம் போயிற்று. கட்டில் வேறொரு குழந்தைக்குப் போனது. அந்தக் குழந்தைக்கும் அது தேவைதான். அதை நினைத்து ஆறுதல் அடையலாம் என்று சில காலம் முயன்றேன்.

எஃபி ஐசாவை ஞாயிறுதோறும் டிராமில் ஏற்றிக் கடைசி நிறுத்தம் வரை கூட்டிப்போய், ஆற்றங்காற்றில் உட்கார வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். இரும்புப் பட்டறைகளின் புகை கலந்த காற்று. ஐசா பிழைத்தாள். ஆனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கியே நின்றுவிட்டது. இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிஸ்கட் ஆலையில் சேர்ந்து, வருடத்தில் பாதி நாள் விடுப்பில் இருந்தாள். வாட்டி போரின்போது மறுபடி தளத்துக்குப் போய், அங்கேயே சாரத்திலிருந்து விழுந்து இறந்தான்.

1948இல் மருத்துவம் எல்லோருக்கும் இலவசமானது. யாரும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியதில்லை. நான் அப்போது ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையில் பெயர் பதியும் மேசையில் இருந்தேன். ஒரு காலை எஃபி ஐசாவோடு வந்தாள். நல்ல தொப்பி, தைத்துத் தைத்து மெருகேறிய கையுறை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"கண்ணாடிய மாத்திட்டீங்களா, மிஸ்டர் கின்னியர்?"

"ஆமா."

"இப்பவாவது கண்ணு தெரியுதா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஓசிதான்னு சொன்னாங்க. நெசமாவே ஒண்ணும் கேக்கமாட்டாங்களா? எங்கிட்ட என்ன இருக்கு, என்ன இல்லன்னு?"

"கேக்கமாட்டாங்க, மிஸஸ் லெய்ட்லா."

ஐசா பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மூச்சு அப்படி இருக்கக்கூடாது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மேசையைச் சுற்றி வந்து, அவளைத் தனியே நிறுத்திச் சொன்னேன்: அந்தக் கடிகாரம் யாருடையது என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தேதான் அப்படி எழுதினேன்.

அவள் கையுறையின் விரல் நுனியை இழுத்துவிட்டாள்.

"என் பவுசாலதான் அவளுக்கு இப்படி ஆச்சுன்னு இருந்தேன்" என்றாள். "பதினாறு வருஷம். வாட்டிகிட்ட சொல்லல. பாதிரியார்கிட்ட சொல்லல. அவ இருமுற ஒவ்வொரு ராத்திரியும், ஒரு வார்த்தை உண்மையச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி பாவின்னு என்னையே திட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க தெரிஞ்சுகிட்டே இருந்திருக்கீங்க."

"அதான் இப்பச் சொல்லணும்னு தோணிச்சு."

"யாருக்காகச் சொல்றீங்க? என் பாரம் குறையவா, உங்க பாரம் குறையவா?"

எனக்குப் பதில் தெரியும்.

"என்னோடது குறையல" என்றாள். "நான் பொய் சொன்னது பொய் சொன்னதுதான். உங்களது என்ன ஆச்சுன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

உள்ளேயிருந்து தாதி ஐசாவின் பெயரைக் கூப்பிட்டாள். ஐசா எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். நான் கை கொடுக்கப் போனேன்.

"விடுங்க சார். எங்களுக்குப் பழக்கம்" என்றாள் எஃபி. மகளின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள்.